பழைய பந்தய சைக்கிள் சக்கரங்களை நீலகிரியில் வாங்கலாமா?

கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருந்துகொண்டு நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானுக்குப் பயிற்சி எடுப்பவர், கோவாவில் அக்டோபர், நவம்பர் வாக்கில் நடக்கும், மொத்தம் 70.3 மைல் தூரமுள்ள அயர்ன்மேன் 70.3 போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டால், அடுத்து அவர் யோசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் சக்கரத்தைப் பற்றித்தான். சக்கரத்தின் நடுவே உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் கொண்ட சைக்கிளுக்கு மாறிவிட்டவர்கள், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெரும் விலை கொடுத்து வாங்கிய காற்றுத்தடையைக் குறைக்க ரிம்மை ஆழமாக்கிய பந்தயச் சக்கரங்களை இப்போது மிகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஜிப், ஹெட், மேவிக் என்று ஒரு காலத்தில் எட்டாத உயரத்தில் இருந்த பெயர்கள் அவை. கட்டைகள் ரிம்மையே அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் வண்டியையே இன்னும் வைத்திருக்கும் மலைவாசிக்கு முன்னால் இப்போது நான்கு வழிகள் இருக்கின்றன: அந்தப் பழைய சோடியை அப்படியே வாங்குவது, பின்சக்கரத்தை மட்டும் பழையதாக வாங்கி முன்சக்கரத்தைப் புதிதாக வாங்குவது, வண்டியையே மாற்றிவிடுவது, அல்லது சக்கரத்தைத் தொடாமல் டயரிலும் டியூபிலும் பணத்தைப் போடுவது. இவற்றுள் முதல் வழிதான் எல்லோரையும் இழுக்கிறது. எனக்கோ இரண்டாவது வழியும் நான்காவது வழியும் சேர்ந்ததே சரியென்று படுகிறது. பின்சக்கரம் எவ்வளவு பழையதானாலும் இழப்பு சொற்பம், முன்சக்கரத்தின் பழமைக்கோ நேரத்தாலும் சில சமயம் உடம்பாலும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே காரணம்.

பின்சக்கரத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் அங்கே விடை எளிது. 1984 ஜனவரியில் இத்தாலியரான பிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டி, 1972-இல் எடி மெர்க்ஸ் அதே நகரத்தில் நிறுவிய 49.431 கிலோமீட்டர் சாதனையைக் கடந்தபோது, அவருடைய வண்டியின் இரண்டு சக்கரங்களும் ஆரக்கால் வெளியே தெரியாத டிஸ்க் வீல்களாக இருந்தன. மெர்க்சும் மோசரும் அந்த நகரத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் காற்று அங்கே மெலிந்திருப்பதுதான். மெக்சிகோ நகரமும் நம் ஊட்டியும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரே உயரத்தில், அதாவது 2,240 மீட்டரில், இருக்கின்றன என்பது இங்கே பலர் கவனிக்காத செய்தி. 1989-இல் டூர் டி பிரான்ஸின் கடைசி நாள் நேரச்சோதனையில், கிரெக் லெமாண்ட் டிரையத்லான்காரர்களிடமிருந்து வந்த, முன்னால் குனிந்து படுத்து ஓட்ட ஹேண்டிலில் நீட்டிப் பொருத்தும் ஏரோ பார்களோடும் பின்பக்க டிஸ்க் வீலோடும் ஓட்டி, மொத்தக் கணக்கில் 8 வினாடியில் லோரான் ஃபின்யோனை வென்றார். அன்று முதல் இன்று வரை டிஸ்க் வீலின் அடிப்படை மாறவேயில்லை. இரு பக்கமும் மூடிய, தட்டையாகவோ லேசாக உப்பியதாகவோ இருக்கும் ஒரு பரப்பு. அதன் விளிம்பில் டயர். புதியவற்றில் விளிம்பு அகன்றிருக்கிறது, டயரோடு பக்கச்சுவர் சேரும் இடம் வழுவழுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டுபவரின் கால்களுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் பின்னால், ஏற்கெனவே கலைந்துபோன காற்றில் சுழலும் சக்கரத்துக்கு இந்த நுணுக்கங்கள் பெரிதாக உதவுவதில்லை.

டூபான்ட், ஸ்பெஷலைஸ்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி, பிற்பாடு ஹெட் நிறுவனத்தின் பெயரில் எச்3 என்று நீடித்த மூன்று ஆரக்கால் சக்கரத்துக்கும் இதையே சொல்லலாம். முப்பது ஆண்டைத் தாண்டிய அந்த வடிவம் இன்றைக்கும் வெட்கப்பட வேண்டியதல்ல.

பழைய பின்சக்கரத்தில் பார்க்க வேண்டியது காற்றை விட, ஹப் எனப்படும் நடுக்குடத்தைத்தான். ரிம் பிரேக் காலத்து வண்டிகளின் பின்பக்க இடைவெளி 130 மில்லிமீட்டர், சக்கரம் நெம்புகோலால் சட்டென்று கழற்றும் குயிக் ரிலீஸ் வகை. டிஸ்க் பிரேக் வண்டிகளோ 142 மில்லிமீட்டரும், சட்டத்தில் திருகி இறுக்கும் தடித்த அச்சான த்ரூ ஆக்சிலும் கொண்டவை. ஆகவே ஒன்றின் சக்கரம் மற்றதில் ஏறாது. அதைவிடச் சங்கடமானது, கேசட் எனப்படும் பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி ஏறி உட்காரும் ஃப்ரீஹப். 2012-இல் ஷிமானோ நிறுவனத்தின் டியூரா ஏஸ் கியர் தொகுப்பில் 11 ஸ்பீடு, அதாவது பின்னால் பதினொரு பல்சக்கரங்கள், வந்தபோது ஃப்ரீஹப்பின் நீளம் 1.85 மில்லிமீட்டர் கூடியது. 10 ஸ்பீடு காலத்துப் பழைய ஹப்பில் சாதாரண 11 ஸ்பீடு ரோடு கேசட் உட்காராது என்பதால்தான் பல நல்ல டிஸ்க் வீல்கள் சொற்ப விலைக்கு வருகின்றன. ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது மலைக்காரருக்கென்றே வைத்தது போல இருக்கிறது: ஷிமானோவின் 11-34 பல் கொண்ட எச்ஜி800 கேசட், 11 ஸ்பீடாக இருந்தும் பழைய 10 ஸ்பீடு ஹப்பில் நேராக ஏறிவிடும், புதிய ஹப்பில்தான் அதற்கு வளையம் வைக்க வேண்டும். சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பின் டிரெய்லியர் நீளக்கூடு கொண்டதாக மட்டும் வண்டியில் இருந்துவிட்டால், கோத்தகிரி ஏற்றத்துக்குத் தேவையான பல்வரிசையும் பழைய டிஸ்க் வீலும் ஒரே வண்டியில் அமைந்துவிடும்.

விதிகளையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதிக்கும் போட்டிகளில் டிஸ்க் வீலுக்கு இடமில்லை. தனித்தனியாக ஓட்டும் நீண்ட போட்டிகளில் பின்பக்கம் மட்டும் அனுமதி. அங்கும் ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் போட்டியில், காற்றின் காரணமாக, பின்பக்கத்துக்கும் நெடுங்காலம் தடை இருந்தது.

இனி முன்சக்கரம். கலையாத காற்றை முதலில் வாங்குவது இதுவே, வண்டியைத் திருப்புவதும் இதுவே, இறக்கத்தில் பிரேக்கின் பெரும்பங்கைச் சுமப்பதும் இதுவே. தொண்ணூறுகளின் ஆழமான ரிம்கள் பெரும்பாலும் ஆங்கில வி எழுத்தைப் போலக் கூர்ந்த உள்விளிம்பு கொண்டவை. நேர் எதிர்க்காற்றில் அவை நன்றாகவே இருந்தன. ஆனால் காற்று பக்கவாட்டில் சாய்ந்து வந்தால் அந்தக் கூர்விளிம்பில் காற்றோட்டம் திடீரென்று பிரிந்து, ஹேண்டிலைப் பிடித்து இழுக்கும். ஸ்டீவ் ஹெட்டும் ராபர்ட் ஹாகும் காப்புரிமை பெற்ற உப்பிய வளைவு வடிவம் இந்தக் குறையைக் கணிசமாகத் தணித்தது, ஜிப் நிறுவனமும் அதைக் கையாண்டது. 2010-ஐ ஒட்டி வந்த ஃபயர்கிரெஸ்ட் ரிம்களில் உள்விளிம்பு இன்னும் மழுங்கி அகன்ற பிறகுதான் ஆழமான முன்சக்கரம் சாதாரண ஓட்டுநருக்கும் பழகியது. ஆகவே முன்சக்கரத்தைப் பொறுத்தவரை 2010-க்கு முன், பின் என்று ஒரு கோடு கிழிப்பது நியாயமே. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோயம்புத்தூர்ச் சமவெளியில் எப்படி அடிக்கும் என்பதை அறிந்தவர், 80 மில்லிமீட்டர் ஆழமுள்ள பழைய வி வடிவ முன்சக்கரத்தோடு அங்கே ஏரோ பாரில் படுத்து ஓட்டத் துணியமாட்டார். உடம்பை நிமிர்த்தி, கையை ஏரோ பாரிலிருந்து எடுத்துவிட்டால் சக்கரம் மிச்சப்படுத்தியது அத்தனையும் போய்விடுகிறது, ஏனெனில் மொத்தக் காற்றுத்தடையில் பெரும்பகுதி ஓட்டுபவரின் உடம்பால் வருவது.

டயரும் இதே கணக்கில் சேர்கிறது. பழைய ரிம்களின் உள்ளகலம் 13 முதல் 15 மில்லிமீட்டர் வரை. இன்றையவை 21-இலிருந்து 25 வரை போகின்றன. ரிம்மின் வெளியகலம் டயரின் அகலத்தைவிடக் குறைந்தது ஐந்து விழுக்காடு கூடுதலாக இருந்தால்தான் டயரைத் தாண்டி வரும் காற்று ரிம்மில் மீண்டும் படியும் என்பது, ஜிப்பில் பணியாற்றிய ஜோஷ் போர்ட்னரின் பெயரோடு வழங்கும் விதி. பழைய ரிம்மில் 25 அல்லது 28 மில்லிமீட்டர் டயரை மாட்டினால் அது இருபுறமும் ரிம்மைத் தாண்டிப் பிதுங்கி நிற்கும், ரிம்மின் ஆழத்துக்குக் கொடுத்த விலை வீணாகும். 21, 23 மில்லிமீட்டர் டயரை மாட்டினால் காற்றுக்குச் சரிதான், ஆனால் அதிக அழுத்தத்தில் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் இடுப்புக்கு ஏறும். 90 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு 21 கிலோமீட்டர் ஓட வேண்டியவருக்கு அது சின்ன விஷயமல்ல.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பிரேக் பிடிக்கும் பரப்பு, அதில்தான் மலையில் இருப்பவரின் முடிவு சமவெளிக்காரரின் முடிவிலிருந்து பிரிகிறது. கோத்தகிரியிலிருந்து அரவேணு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம் குறைகிறது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால் அந்த உயரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 1,100 கிலோஜூலுக்கும் மேல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். ஆனால் முன்னால் ஒரு லாரி, எதிரே ஒரு பஸ், அடுத்தடுத்து வளைவுகள் என்று மெதுவாக இறங்க இறங்க, காற்று வாங்கும் பங்கு குறைந்து பிரேக் வாங்கும் பங்கு கூடிக்கொண்டே போகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், அதைவிடச் செங்குத்தாக மசினகுடிப் பக்கம் இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளிலும் நடப்பது இதுவே.

இந்த வெப்பத்தை அலுமினிய ரிம் எளிதாகப் பரப்பி வெளியே விட்டுவிடும். கார்பன் ரிம்மால் அது முடியாது. வெப்பம் பிரேக் கட்டை தேய்க்கும் இடத்திலேயே தங்கும். கார்பன் இழைகளைப் பிணைக்கும் எபாக்சிப் பிசின், அதன் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 120 முதல் 200 டிகிரி செல்சியசுக்குள் இளகத் தொடங்குகிறது. அதே வேளையில் டியூபுக்குள் சூடேறிய காற்று பக்கச்சுவரை வெளியே தள்ளுகிறது. விளைவாக ரிம்மின் ஓரம் உப்பி விரியும், சில சமயம் டியூப் வெடிக்கும். டயரை ஓரச்சுவரில் மாட்டி உள்ளே டியூப் வைக்கும் வகைக்குக் கிளிஞ்சர் என்று பெயர். முழுக் கார்பன் கிளிஞ்சர்களின் தொடக்ககாலத் தலைமுறையில் இது நன்றாகத் தெரிந்த குறை. பிசின்கள் மேம்பட்டது பிற்பாடுதான். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் பெய்யும் அக்டோபர், நவம்பரில்தான் கோவாப் போட்டிக்கான கடைசிப் பயிற்சியும் வருகிறது, நனைந்த கார்பன் ரிம்மோ முதல் சில சுற்றுகளுக்குப் பிரேக்கே பிடிக்காதது போல வழுக்கும். பழைய முழுக் கார்பன் கிளிஞ்சரை மலைப்பாதை இறக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதில் எனக்குச் சிறு ஐயமும் இல்லை.

டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயரை ரிம்மில் ஒட்டும் டியூபுலர் சக்கரங்கள் இதில் நடுநிலையில் நிற்கின்றன. அவற்றில் டயரைப் பிடித்துக்கொள்ளும் ஓரச்சுவர் இல்லை என்பதால் உப்பி விரியும் ஆபத்து குறைவு, எடையும் குறைவு. ஆனால் டயர் நிற்பது பசையில். 2003 டூரில் காப் நகரை நோக்கிய இறக்கத்தில், உருகிய தாரில் ஹோசெபா பெலோக்கியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் ரிம்மை விட்டுக் கழன்றதும் அவர் தொடையெலும்பு முறிந்ததும், தொழில்முறை மெக்கானிக்குகள் ஒட்டிய டயரிலேயே நடந்தவை. பழைய சக்கரத்தோடு வரும் பழைய டயரை, எப்போது யார் ஒட்டியது என்று தெரியாத நிலையில், நம்பி இறங்க முடியாது. அதை உரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, ஓர் இரவாவது காய வைக்க வேண்டும். அந்த வேலையில் கைதேர்ந்தவர் மலையில் கிடைப்பது அரிது. போட்டியின் நடுவே பஞ்சர் ஆனால் அவரும் கூட வரமாட்டார்.

மீதமிருப்பது, பெரும்பாலும் பந்தயக்காரர்கள் ஏளனமாகப் பார்க்கும் வகை: அலுமினிய ரிம்மின் மேல் கார்பன் உறையைப் பொருத்திய கிளிஞ்சர்கள். ஹெட் ஜெட், மேவிக் காஸ்மிக் கார்போன், ஜிப் 404-இன் பழைய அலுமினிய விளிம்புக் கிளிஞ்சர் ஆகியவை இந்த இனம். எடை கூடுதல்தான். ஆனால் ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோவை ஒட்டியிருக்கும்போது சோடிக்கு அரைக் கிலோ கூடுவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற இரண்டு மணி நேரம் எடுப்பவருக்கு அது ஒரு நிமிடத்தைக்கூடத் தொடாது. பதிலுக்கு மழையிலும் பிடிக்கும் பிரேக், எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பிரேக் கட்டை, சாதாரண டயர், சாதாரண டியூப் ஆகியவை கிடைக்கின்றன. ஹெட் தன் அகன்ற சி2 ரிம்மை 23 மில்லிமீட்டர் வெளியகலத்தில் கொண்டுவந்த பிறகு செய்த ஜெட் சக்கரங்கள் கிடைத்தால், பழைய முன்சக்கரம் வாங்கவே கூடாது என்ற என் பிடிவாதத்தை நானே தளர்த்திக்கொள்வேன்.

புதிய அகன்ற முன்சக்கரம் வாங்குவதென்றாலும் முதலில் வண்டியை அளந்து பார்க்க வேண்டும். 2010-ஐ ஒட்டிய டிரையத்லான் சட்டங்கள் பலவற்றில் முன் ஃபோர்க்கின் இடைவெளி மிகக் குறுகல். பிரேக்கைச் சட்டத்துக்குள் மறைத்துவைத்த வகைகளில் 26 மில்லிமீட்டர் ரிம்மைச் சுற்றி பிரேக் கட்டைகள் விரியவே இடமிருக்காது. பயிற்சிக்கு ஒடுங்கிய ரிம்மும் போட்டிக்கு அகன்ற ரிம்மும் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் பிரேக் கம்பியைத் திருத்த வேண்டும். அலுமினிய ரிம்மில் தேய்ந்த கட்டையை அப்படியே கார்பன் ரிம்மில் பயன்படுத்தினால், அதில் பதிந்த அலுமினியத் துணுக்குகள் கார்பனை அரித்துவிடும் என்பதால் கட்டையையும் மாற்ற வேண்டும். இன்னொன்று, இன்றைய பல புதிய சக்கரங்கள் டயரின் ஓரத்தைப் பற்றும் கொக்கி இல்லாத ரிம் கொண்டவை. அவற்றில் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் காற்றடிக்கக் கூடாது, அதற்கென அனுமதித்த டயரையே போட வேண்டும். 100 பிஎஸ்ஐ அடித்துப் பழகியவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

காற்றுச் சுரங்கச் சோதனைகள் வழக்கமாக மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் செய்யப்படுகின்றன. அந்த வேகத்தில் ஆழமான சோடி ஒன்று சாதாரணச் சோடியைவிட 20 வாட் மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறுவதால், மணிக்கு 35 கிலோமீட்டரில் அது 8 வாட்டுக்கும் கீழே வந்துவிடும். ஆனால் அதே 35-இல் ஓட்டும்போது தடித்த, பஞ்சர் ஆகாத பயிற்சி டயரைக் கழற்றிவிட்டு கான்டினென்டல் ஜிபி5000 போன்ற பந்தய டயரை இரண்டு சக்கரத்திலும் மாட்டினால் 10 வாட்டுக்கும் மேல் கிடைக்கும். மெல்லிய ரப்பரான லேடெக்ஸ் டியூப் போட்டால் இன்னும் சில வாட். ஆகவே டயரை மாற்றாமல் சக்கரத்தை மட்டும் மாற்றுபவர் பெரிய சில்லறையை விட்டுவிட்டுச் சிறிய சில்லறையைப் பொறுக்குகிறார். லேடெக்ஸ் டியூபையும் கார்பன் கிளிஞ்சரையும் ரிம் பிரேக்கையும் மட்டும் ஒன்றுசேர்க்கக் கூடாது, வெப்பம் தாங்காது. சாதாரணப் பின்சக்கரத்தின் மேல் பிளாஸ்டிக் தகட்டைப் பொருத்தி டிஸ்க் வீலாக்கும் மூடிகளும் கிடைக்கின்றன. பெரும்பாலான டிரையத்லான் போட்டிகள் அவற்றை அனுமதிப்பதால், பழைய டிஸ்க் வீல் அகப்படாதவருக்கு அதுவே போதும், ஹப்பைப் பற்றிய தலைவலியும் இல்லை.

சோதனை செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஊட்டியில் காற்றின் அடர்த்தி கோவாக் கடற்கரையை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தொட்டபெட்டாச் சாலையிலோ கட்டபெட்டுப் பக்கமோ ஓட்டிப் பார்த்து இந்தச் சக்கரத்தால் ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டுவது சக்கரத்துக்குச் செய்யும் அநீதி. சிறுமுகை, சத்தியமங்கலம் சாலையில் ஓட்டிப் பாருங்கள். சக்கரத்தைக் காரில் வைத்துக் கீழே கொண்டுபோய், மேட்டுப்பாளையத்தில் மாட்டி ஓட்டிவிட்டு மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு வருவதே பழைய கார்பன் சக்கரத்தைப் பயன்படுத்தும் நல்ல முறை.

வண்டியையே மாற்றும் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மலைப்பாதை இறக்கத்தில் டிஸ்க் பிரேக்கின் மேன்மையை மறுக்க முடியாது. பணமிருந்து, அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் இந்த விளையாட்டில் நீடிக்கும் எண்ணமும் இருப்பவர் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்படி மாற்றுபவர் பழைய சக்கரம் எதையும் தொடவே வேண்டாம், எதுவும் பொருந்தாது.

வாங்கப் போகும்போது முதலில் டயரின் ஓரத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். தொண்ணூறுகளில் டிரையத்லான் வண்டிகள் பல 650சி என்ற சிறிய சக்கரத்தில் ஓடின, அவற்றின் டயரில் 571 என்று இருக்கும். இன்று வழக்கில் உள்ளது 622. சிறிய சக்கரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு நல்ல டயர் தேடுவது தண்டனை. அடுத்து, ஸ்போக்கை ரிம்மோடு திருகி இறுக்கும் ஸ்போக் முடிச்சு (நிப்பிள்) ரிம்முக்குள் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மறைந்திருந்தால் ஒரு சிறு கோணலை எடுக்கவும் டயரைக் கழற்ற வேண்டும், குன்னூர்ப் பனியிலும் ஈரத்திலும் அலுமினிய முடிச்சு ஸ்போக்கோடு அரித்து இறுகியிருக்கவும் கூடும். கடைசியாக முன்சக்கரத்தின் பிரேக் பரப்பில் ஓர் எஃகு அளவுகோலை, விளிம்பிலிருந்து ஹப்பை நோக்கிய திசையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். அலுமினியம் என்றால் நடுவில் குழிவு தெரிகிறதா என்பதும், கார்பன் என்றால் எங்காவது உப்பல் தட்டுப்படுகிறதா, நாணயத்தால் சுற்றிலும் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாகிறதா என்பதும் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் பின்சக்கரத்துக்கு மட்டும் விலை பேசுங்கள். விற்பவர் இரண்டையும் சேர்த்துத்தான் தருவேன் என்றால் முன்சக்கரத்தை வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கலாம், வண்டியில் மாட்ட வேண்டாம்.